துடைக்கத் துடைக்க விரிசல்: ஒரு பாலிகார்பனேட் மூடியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மருத்துவமனை வார்டில், நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் நிமிர்த்தி மாட்டப்படும் கண்காணிப்புக் கருவி அது. திரைக்கு முன்னால் ஒளிபுகும் மூடி ஒன்று இருக்கும்: பாலிகார்பனேட், 3 மில்லிமீட்டர் தடிமன், நான்கு மூலையிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ. சில வருடங்களாக எந்தப் புகாரும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த இந்த மூடியில் விரிசல் விழுகிறது என்று ஒரு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது, கொஞ்ச நாளில் வேறு இடங்களிலிருந்தும் வர ஆரம்பித்தது. கருவி கீழே விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, மூடியை யாரும் கழற்றக்கூட இல்லை. காலை ஷிஃப்டுக்கு வந்து பார்த்தால் மூலையில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

கருவியைத் தயாரிக்கும் குழு எங்கள் பாலிமர் ஆய்வகத்துக்கு வரும்போதே ஒரு முடிவோடு வந்தது. மூலப்பொருள் சரியில்லை, புதிதாக வந்த மூட்டைகளில் ஏதோ கோளாறு, அதை உறுதி செய்து ஓர் அறிக்கை கொடுத்தால் போதும் என்றார்கள். இந்த மாதிரி கேள்வியோடு வருகிறவர்கள் நிறையப் பேர், அதில் தப்பில்லை. ஒரு பொருள் உடைந்தால் முதலில் பொருள் மேல் சந்தேகம் வருவது இயல்புதான். நாங்கள் கேட்டது வேறு: உடைந்த மூடிகள், உடையாத மூடிகள், அவற்றில் இருந்த ஸ்க்ரூக்கள், பயன்படுத்தாத புது மூடிகள் சில, மோல்டிங்குக்குப் போன அதே மூலப்பொருள் மணிகள் கொஞ்சம், அப்புறம் அந்தக் கருவியை வார்டில் யார் எதனால் துடைக்கிறார்கள் என்ற விவரம். கடைசியாகக் கேட்டதுதான் கைக்கு வர ரொம்ப நாளானது.

பாலிகார்பனேட் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் அதை வைத்துத்தான். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டறிந்த பிளாஸ்டிக் இது. கண்ணாடி போல் தெளிவு, சுத்தியால் தட்டினாலும் லேசில் உடையாத உறுதி, சுமார் 147 டிகிரி செல்சியஸ் வரை இளகாத தன்மை என்று மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதால்தான் ஹெல்மெட் முகமூடியிலிருந்து ரத்தச் சுத்திகரிப்புக் கருவியின் உறை வரை எங்கும் இருக்கிறது. ஆனால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒழுங்கில்லாமல் கிடப்பவை. படிகமாக அடுக்கி இறுகிய பகுதிகள் உள்ள பிளாஸ்டிக்கில் திரவம் நுழையத் திணறும். இதில் அந்தத் தடுப்பு இல்லை. அந்தத் தெளிவுக்குக் காரணமும் இந்த ஒழுங்கின்மைதான், அதனால் ஒன்றை வேண்டும் என்று வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது.

மேஜையில் பரப்பியபோது தெரிந்தது

உடைந்த மூடிகளை நன்றாகக் கழுவி, துடைத்து, பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வருவதால் சுத்தம் செய்துதான் அனுப்ப வேண்டும் என்ற அக்கறை புரிகிறது, ஆனால் மேல்பரப்பில் என்ன ஒட்டியிருந்தது என்ற சாட்சியம் அதோடு போய்விட்டது. நல்லவேளையாகச் சில மூடிகளில் ஸ்க்ரூவைக் கழற்றாமல், தாங்கும் சட்டத்தோடு சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அந்தச் சில துண்டுகள்தான் பிறகு வழக்கையே தீர்த்தன.

மூடியின் உள்பக்கம் மோல்டிங்கில் பதிந்த ஒரு சிறிய அம்புக்குறி உண்டு, மேல்பக்கம் எது என்று காட்ட. அதை வைத்து எல்லா மூடிகளையும் கருவியில் இருக்கும் வாக்கிலேயே மேஜையில் வரிசையாக வைத்தோம். வைத்தவுடன் இரண்டு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. எல்லா விரிசலும் ஸ்க்ரூ துளையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது, துளையைச் சுற்றி ஆரம் ஆரமாக. அதுவும் பெரும்பாலும் கீழ் மூலைத் துளைகள் இரண்டில்தான். மேல் துளைகள் பெரும்பாலும் சுத்தமாக இருந்தன. அதுவரை புகார்ப் படிவங்களில் ‘மூலையில் விரிசல்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது, எந்த மூலை என்று ஒருவரும் குறிக்கவில்லை. பொருள் மோசம் என்றால் நான்கு துளையும் ஒரே மாதிரிதான் உடைய வேண்டும். பொருளுக்கு மேல் கீழ் தெரியாது.

முதல் சந்தேகத்தைச் சோதித்தது

இருந்தாலும் குழு கேட்டுவந்த கேள்விக்கு முறைப்படி பதில் சொல்லியாக வேண்டும், அதனால் அங்கிருந்தே தொடங்கினோம். பாலிகார்பனேட்டை மோல்டிங் செய்யும்போது நிஜமாகவே நடக்கக்கூடிய கெடுதல் ஈரம். மணிகளை 120 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் இயந்திரத்தில் போட்டால், 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் அந்த ஈரம் கார்பனேட் பிணைப்புகளை அறுத்துவிடும், சங்கிலிகள் குட்டையாகும், பார்க்க அதே மூடி, தாங்கும் சக்தி மட்டும் இருக்காது. இதைப் பிடிக்க எளிய வழி உருகு ஓட்டச் சோதனை: 300 டிகிரியில், 1.2 கிலோ எடை வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று பார்ப்பது. சங்கிலி அறுந்திருந்தால் வேகமாக வழியும். (சோதனைக்கு முன் துண்டுகளையும் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் சோதனையே சங்கிலியை அறுத்துவிடும். இதை மறந்து வந்த தவறான அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.)

மூடிகளின் ஓட்டம் மணிகளைவிடக் கொஞ்சம் கூடுதல், மோல்டிங்கில் எப்படியும் வரும் அளவுதான். முக்கியமானது அதைவிட வேறு ஒன்று: விரிசல் விட்ட மூடிக்கும் விடாத மூடிக்கும் வித்தியாசமே இல்லை. அகச்சிவப்பு நிறமாலையில் 1770 அலைஎண்ணை ஒட்டிப் பாலிகார்பனேட்டுக்கே உரிய கார்பனைல் முகடு சரியாக நின்றது, 2237இல் எதுவும் இல்லை, அதாவது விலை குறைக்க ஏபிஎஸ் என்ற மலிவான பிளாஸ்டிக்கைக் கலந்திருப்பார்களோ என்ற சந்தேகமும் போனது. வெப்பப் பகுப்பாய்விலும் இளகும் வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பொருள் நல்ல பொருள்.

இந்த முடிவைச் சொன்னபோது குழுவுக்கு ஏமாற்றம்தான். ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டால் முடிந்துபோகும் பிரச்சினை என்று நினைத்திருந்தார்கள்.

உடைந்த முகமும் வண்ணப் பட்டைகளும்

பாலிகார்பனேட் அடிபட்டு உடைந்தால் அந்த இடம் இழுபட்டு, வெளுத்து, ஓரம் மடங்கி இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. விரிசலைக் கவனமாகத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தால், துளையின் விளிம்பில் ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் பல தொடக்கப் புள்ளிகள், அவற்றைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி வழவழப்பான பகுதி, கொஞ்சம் தள்ளித்தான் சொரசொரப்பு. மின்னணு நுண்ணோக்கியில் அந்த வழவழப்பின் மேல் மெல்லிய நார்கள் அறுந்து படிந்திருந்தது தெரிந்தது. முழு விரிசல் ஆவதற்கு முன் பிளாஸ்டிக்கில் உருவாகும் நுண்பிளவுகளில், இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் நார்களின் மிச்சம் அது. மெதுவாக, பல நாட்களில் வளர்ந்த பிளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

சரி, இழுப்பது எது? மூடி சும்மாதானே நிற்கிறது?

இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எல்சிடி கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் அதிலிருந்து வருவது துருவப்பட்ட ஒளி. அதற்கு முன்னால் மூடியைப் பிடித்து, கண்ணுக்கு முன் ஒரு துருவத் தகட்டை வைத்துத் திரை இருளாகும் வரை திருப்பினால், மூடிக்குள் இருக்கும் தகைவு (இழுப்பாலோ நசுக்கலாலோ உள்ளே நிற்கும் இறுக்கம்) வண்ணப் பட்டைகளாகத் தெரியும். பாலிகார்பனேட்டில் இந்த விளைவு மிகப் பலமாகவே இருக்கும். புது மூடியில் பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த வாயருகே கொஞ்சம் நிறம், மற்றபடி அமைதி. (மோல்டிங்கில் சங்கிலிகள் ஒரே திசையில் படிந்திருந்தாலும் நிறம் வரும் என்பதால் எல்லா நிறத்தையும் தகைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.) அதே மூடியைச் சட்டத்தில் வைத்து, அசெம்பிளியில் பயன்படுத்தும் அதே மின் திருப்புளியால், அதே அமைப்பில் ஸ்க்ரூவை முடுக்கினோம். துளையைச் சுற்றி நெருக்க நெருக்கமாக வண்ண வளையங்கள் பூத்தன, முடுக்க முடுக்க ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று. பார்த்துக்கொண்டிருந்த வடிவமைப்புப் பொறியாளர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, “இது நாங்கள் செய்ததுதான்” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

காரணம் ஸ்க்ரூவின் தலை. மேல்பரப்போடு சமமாக உட்கார வேண்டும் என்று கூம்புத் தலை ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், பார்க்க அழகாக இருக்கும், துடைக்கவும் வசதி. ஆனால் கூம்புத் தலை துளைக்குள் இறங்கும்போது விறகு பிளக்கும் ஆப்பு மாதிரி சுற்றுச்சுவரை வெளியே தள்ளுகிறது, துளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முழுவதும் வளையம் வளையமாக இழுபட்டு நிற்கிறது. உலோகத் தகட்டில் இது ஒரு விஷயமே இல்லை, பிளாஸ்டிக்கில் இது நிரந்தரச் சுமை.

ஆனால் சில வருடம் தாங்கியதே

இதுதான் குழு எழுப்பிய நியாயமான கேள்வி. அதே ஸ்க்ரூ, அதே முடுக்கு, அதே மூடி, ஆரம்பத்திலிருந்து அப்படித்தான். இப்போது மட்டும் ஏன்? மேல் துளைகள் ஏன் தப்பிக்கின்றன?

நாங்கள் கேட்டுக் காத்திருந்த விவரம் இந்தக் கட்டத்தில்தான் வந்தது. புகார் வந்த இடங்களில் எல்லாம், முன்பு 70 சதவீத ஐசோபுரோபனால் என்ற ஆல்கஹால் கொண்டு துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கிருமிநாசினி ஊறிய துடைப்பான்களுக்கு மாறியிருந்தார்கள், அதுவும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் துடைக்க வேண்டும் என்ற விதியோடு. தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு அது சரியான முடிவு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தத் திரவத்தில் கிருமியைக் கொல்லக் குவாட்டர்னரி அமோனியம் உப்புகளும், அழுக்கைக் கரைக்க 2-பியூடாக்ஸிஎத்தனால் என்ற கிளைக்கால் ஈதரும் இருந்தன.

இரண்டு திரவத்தின் கொதிநிலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐசோபுரோபனால் 82 டிகிரியில் கொதிப்பது, துடைத்த கையோடு பறந்துவிடும். பியூடாக்ஸிஎத்தனால் 171 டிகிரி. வெட்டவெளியில் பரவிய மெல்லிய படலமாக இருந்தால் அதுவும் காய்ந்துவிடும்தான், ஆனால் நிமிர்ந்து நிற்கும் மூடியில் துடைத்த திரவம் கீழே வழிந்து கீழ் ஸ்க்ரூவின் கூம்புக் குழியில் தேங்குகிறது, தலைக்கு அடியில் காற்றே படாமல் நிற்கிறது, அது காய்வதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்து இன்னொரு துடைப்பு. ஸ்க்ரூவோடு வந்த துண்டுகளைப் பிரித்தபோது தலைக்கு அடியில் மெழுகு போல ஒரு படிவு இருந்தது. அதைச் சுரண்டி நிறமாலையில் பார்த்தோம், துடைப்பானைப் பிழிந்து காயவைத்த படிவோடு அது பொருந்தியது. மேல் ஸ்க்ரூக்களின் அடியில் படிவு மிகக் குறைவு.

துடைப்பான் நிறுவனத்தின் தகவல் தாளைக் கருவிக் குழுவில் ஒருவர் எடுத்து வைத்தார். “இதில் பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதே சார்?” போட்டிருந்தது, பொய்யும் இல்லை. இந்த மாதிரி அட்டவணைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் துண்டைத் திரவத்தில் சும்மா ஊறவைத்து, எடை கூடியதா, நிறம் மாறியதா என்று பார்த்து எழுதப்படுபவை. இழுபட்டு நிற்கும் பிளாஸ்டிக்கை யாரும் ஊறவைப்பதில்லை. இந்த வழக்கை நான் முழுதாக எழுதி வைப்பதற்குக் காரணமே அந்த இடைவெளிதான்.

வளைத்துக் கட்டிய பட்டைகள்

எதிர்வாதத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும் என்பதால் ஐஎஸ்ஓ 22088-3இல் உள்ள வளைபட்டைச் சோதனையைச் செய்தோம். கணக்கு எளிது. தெரிந்த ஆரமுள்ள வளைந்த கட்டையின் மேல் பட்டையை அழுத்திக் கட்டினால், வெளிப்பரப்பில் வரும் திரிபு (இழுபட்டு நீளம் கூடும் விகிதம்) என்பது தடிமனை, ஆரத்தின் இருமடங்கோடு தடிமனைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது. 3 மில்லிமீட்டர் பட்டைக்கு 1 சதவீதத் திரிபு வேண்டும் என்றால் கட்டையின் ஆரம் சுமார் 150 மில்லிமீட்டர், 0.5 சதவீதத்துக்குச் சுமார் 300. புது மூடிகளின் சமதளப் பகுதியிலிருந்து பட்டைகளை வெட்டி, வெட்டிய ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்து (இதை விட்டால் ஓரக் கீறலிலிருந்தே விரிசல் கிளம்பி முடிவைக் குழப்பும்) கட்டைகளில் கட்டினோம். சில உலர்ந்தபடி, சிலவற்றின் மேல் தண்ணீர், சிலவற்றின் மேல் ஐசோபுரோபனால், சிலவற்றின் மேல் துடைப்பான் திரவம். வளைக்காத பட்டைகளையும் அதே திரவங்களில் வைத்தோம்.

வளைக்காத பட்டைகளில் எந்தத் திரவத்திலும் ஒரு மாற்றமும் இல்லை, சோதனை முடியும் வரை இல்லை. தகவல் தாள் சொன்னது அப்படியே உண்மை. உலர்ந்த பட்டைகள் வளைந்தபடியே நலமாக இருந்தன, தண்ணீரும் ஐசோபுரோபனாலும் பட்டவையும் அப்படியே. துடைப்பான் திரவம் பட்ட 1 சதவீதப் பட்டைகளை மறுநாள் காலை வந்து பார்த்தபோது இரண்டாக உடைந்து கட்டையின் இரு பக்கமும் கிடந்தன. 0.5 சதவீதத்தில் உடனே உடையவில்லை. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் மட்டும் தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் பட்டைக்குக் குறுக்கே முதலில் வந்தன, பின்பு அவை ஆழமாகி விரிசலாயின.

0.5 சதவீதத் திரிபு என்பது என்ன? பாலிகார்பனேட்டின் மீள்குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 2.4 கிகாபாஸ்கல், ஆக 12 மெகாபாஸ்கல் தகைவு. இந்தப் பிளாஸ்டிக் இளகி நீள்வது 60 மெகாபாஸ்கலுக்கு மேல்தான். வடிவமைப்புக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு சுமை என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போடும் இடத்தில், திரவம் பட்டால் உடைகிறது. இங்கே வேதிவினை எதுவும் நடக்கவில்லை, ஒரு பிணைப்பும் அறுபடவில்லை (உருகு ஓட்டம் மாறாமல் இருந்ததும் அதனால்தான்). இழுபட்டு நிற்கும் இடத்தில் சங்கிலிகளுக்கு நடுவே திரவம் புகுந்து அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க விடுகிறது, நுண்பிளவு பிறக்கிறது, பிளவுக்குள் மேலும் திரவம் இறங்குகிறது. தகைவு, திரவம், நேரம் மூன்றும் சேர வேண்டும். ஐசோபுரோபனால் காலத்தில் தகைவும் நேரமும் இருந்தன, தேங்கி நின்று உள்ளே புகும் திரவம் இல்லை.

படிகப் பகுதி உள்ள பிளாஸ்டிக்குகளும் இதிலிருந்து முற்றிலும் தப்பியவை அல்ல. பாலிஎதிலீன் சோப்புத் தன்மையுள்ள திரவம் பட்டு இதே போல் விரியும், அதற்கென்றே ஏஎஸ்டிஎம் டி1693 என்ற வளைபட்டைச் சோதனை நெடுங்காலமாக இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

துடைப்பானை மாற்றச் சொல்லலாமே என்று முதலில் ஒரு யோசனை வந்தது. அதை மறுத்ததில் எனக்கு முழு உடன்பாடு. நோயாளிக்குத் தொற்று வராமல் காப்பது வார்டின் வேலை, மூடிக்காக அதை வளைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாளைக்கு வேறொரு திரவம் வரும், அப்போதும் மூடி தாங்க வேண்டும்.

அடுத்து, மூடிகளைச் சூடேற்றிப் பதப்படுத்துவது. 120 டிகிரியைக் கொஞ்சம் தாண்டி சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் மோல்டிங்கில் உறைந்துபோன உள்தகைவு தளரும். குழுவில் ஒருவர் இதுவே போதும் என்றார், ஏனென்றால் வடிவத்தைத் தொட வேண்டாம், அச்சைத் தொட வேண்டாம். செய்து பார்த்தோம். பதப்படுத்திய மூடியில் கூம்புத் தலை ஸ்க்ரூவை முடுக்கி, திரவம் வைத்தால், கொஞ்சம் தாமதமாக, ஆனால் விரிசல் வந்தது. ஸ்க்ரூ புதிதாக ஏற்றும் தகைவைப் பழைய சூடு எப்படித் தளர்த்தும்? போதாததற்கு, இப்படிப் பதப்படுத்தினால் பாலிகார்பனேட்டின் அடிதாங்கும் தன்மை ஓரளவு குறையும். அதனால் அந்த வழியை விட்டோம்.

முடிவானது ஸ்க்ரூ மாற்றம். தட்டையான அடியுள்ள தலை, அதற்குக் கீழே அகலமான வாஷர், துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி ஸ்க்ரூ சுவரைத் தொடாமல் செய்வது, முடுக்கு அளவைக் குறைத்து அதற்கென்று அளவு வைத்த திருப்புளி. அழுத்தம் தகட்டை மேலிருந்து கீழே நசுக்கும், சுற்றுச்சுவரை இழுக்காது. நசுங்கும் தகைவில் விரிசல் வளராது. துருவத் தகட்டில் பார்த்தபோது வளையங்கள் கிட்டத்தட்ட மறைந்தேவிட்டன.

வாஷரில் ஒரு சின்ன விவாதம். கையில் இருந்தது மென்மையான பிவிசி வாஷர். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருட்கள் மெல்ல வெளியே கசிந்து பாலிகார்பனேட்டுக்குள் போகும், அவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. ஆகவே சிலிகோன் வாஷர்.

அப்புறம் நடந்ததுதான் இந்த வழக்கிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முடுக்கு குறைந்தால் அதிர்வில் ஸ்க்ரூ கழன்றுவிடுமே என்று களப்பணியாளர் ஒருவர் கவலைப்பட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் ஒரு சொட்டு லாக்கிங் திரவம் விடலாம் என்று மாற்றுக் குறிப்பில் எழுதிவிட்டார். இயந்திர வேலையில் பழகியவர் யாரும் அப்படித்தான் எழுதுவார். அந்தக் குறிப்பு அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் கண்ணில் பட்டது. உலோகப் புரியில் காற்றுப் படாமல் இறுகும் அந்தப் பசையில் இருப்பது மெத்அக்ரிலேட் எஸ்டர்கள், இறுகாமல் புரிக்கு வெளியே வழிந்தால் பாலிகார்பனேட்டுக்கு மிக மோசமான திரவங்களில் ஒன்று. வளைபட்டையில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினோம், தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பட்டை விரிந்திருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு, நைலான் ஒட்டு முன்கூட்டியே பதித்த ஸ்க்ரூக்கள் வாங்கப்பட்டன.

மூடிப் பொருளையே மாற்றுவதும் பேசப்பட்டது. பாலிகார்பனேட்டோடு பிபிடி என்ற பாலியெஸ்டர் கலந்த வகை திரவத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் ஒளி புகாது, மோல்டிங்கில் சுருங்கும் அளவும் வேறு, இருக்கும் அச்சில் அளவு பொருந்தாது. ஒளிபுகும் கோபாலியெஸ்டர் வகை சுருக்கத்தில் பாலிகார்பனேட்டை ஒட்டியே வருகிறது, இந்தத் திரவத்தையும் வளைபட்டையில் தாங்கியது. சூடு தாங்குவது குறைவு, அது இந்தக் கருவிக்குப் பிரச்சினை இல்லை. தீப்பற்றும் தன்மைக்கான தர வகைதான் வேறு, அதற்கு மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால் உடனடித் தீர்வு ஸ்க்ரூ, நீண்டகாலத் தீர்வு பொருள் என்று பிரித்துக்கொண்டார்கள்.

பின்னர் நடந்தது

புது மூடியோடு புது ஸ்க்ரூ போட்ட கருவிகளில், நாங்கள் தொடர்ந்து விசாரித்த வரை விரிசல் வரவில்லை. பழைய மூடியை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவை மட்டும் மாற்றிய கருவிகளில் சிலவற்றில் மறுபடி வந்தது. அந்த மூடிகளைப் பார்த்தால் விரிசலின் தொடக்கத்தில் பழைய படிவு இருந்தது: ஸ்க்ரூ மாற்றும்போதே நுண்பிளவு உள்ளே இருந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மாற்றுபவர் கையில் சாய்வு வெளிச்சம் தரும் சின்ன டார்ச் ஒன்றைக் கொடுத்து, துளையைச் சுற்றி வெள்ளிக் கோடு தெரிந்தால் மூடியையும் மாற்று என்று விதியைத் திருத்தினார்கள். கொஞ்ச நாளில், கோடு தெரிகிறதோ இல்லையோ, புதுத் துடைப்பான் பயன்படுத்திய இடங்களில் எல்லா மூடிகளையும் மாற்றிவிடுவது என்று முடிவானது. செலவு கூடுதல்தான், ஆனால் நோயாளி பக்கத்தில் இருக்கும் கருவியில் தெரியாமல் வளரும் விரிசலை வைத்துக்கொண்டு தூங்க முடியாது என்று குழுத் தலைவர் சொன்னார், எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

அடுத்த முறை மாற வேண்டியவை

உடைந்த துண்டைக் கழுவாமல், ஸ்க்ரூவைக் கழற்றாமல், தொற்றுப் பாதுகாப்புக்கான இரட்டை உறையில் போட்டு அனுப்பும் முறை இப்போது அந்தக் குழுவிடம் இருக்கிறது. புகார்ப் படிவத்தில் கருவியின் படம் ஒன்று அச்சாகிறது, விரிசலை அதிலேயே கோடு போட்டுக் காட்டிவிடலாம். கீழ் மூலை என்ற விவரம் முதல் புகாரிலேயே இருந்திருந்தால் மூலப்பொருள் சோதனைகளுக்குப் போன நேரம் மிச்சமாகியிருக்கும்.

வடிவமைப்பு ஆய்வில், பிளாஸ்டிக் தொடும் திரவங்களின் பட்டியலில் கிருமிநாசினி மட்டும் இல்லாமல் அசெம்பிளியில் படும் பசை, எண்ணெய், வாஷர், லேபிளின் ஒட்டு வரை எல்லாம் வருகின்றன. அவை ஒவ்வொன்றும் வளைத்துக் கட்டிய பட்டையில் சோதிக்கப்பட வேண்டும், சும்மா ஊறவைத்த முடிவை ஏற்பதில்லை. கோபாலியெஸ்டர் மூடியின் தீத்தர ஒப்புதல் இதை எழுதும்போது இன்னும் வரவில்லை. அதன் பட்டைகள் மூன்று வகைத் துடைப்பான் திரவத்தில், 0.5 சதவீதத்திலும் 1 சதவீதத்திலும், எங்கள் ஆய்வகத்தில் இப்போதும் கட்டைகளில் இருக்கின்றன.